பகல் முழுக்க பாட்டி தனியாக இருக்கிறாரா?

“சாப்டீங்களா ஆத்தா?”

“ஆச்சு கண்ணு...”

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டனாட்ட இருக்குது...”

ராத்திரி வேலை முடிந்து வரும் மகனுக்கும் வயதான தாய்க்கும் நடக்கும் பேச்சு இது. திருப்பூர் பக்கம் பல வீடுகளில் தினமும் கேட்கலாம். இதில் அந்த ‘ஆட்ட இருக்குது’ இருக்கிறதே, அதுதான் ஆபத்து!

பனியன் கம்பெனிக்கு ஒன்றரை ஷிப்ட் போகிறவர் காலை எட்டரைக்குக் கிளம்பினால், திரும்பி வர இரவு எட்டரை ஆகிவிடும். மருமகள் செக்கிங்குக்கோ பேக்கிங்குக்கோ போயிருப்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடம், டியூஷன். சொந்தமாக ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர்கள் வீட்டிலும் இதே கதைதான். ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் கணவனும் மனைவியும் யூனிட்டிலேயே கிடக்க வேண்டியிருக்கும். ரேஷன் கார்டில் ஐந்து பேர் இருப்பார்கள். ஆனால் பகல் பன்னிரண்டு மணி நேரமும் பாட்டி தனி. லைன் வீடாக இருந்தால் பக்கத்துக் கதவிலும் பூட்டுத்தான். அவர்களும் வேலைக்குப் போனவர்கள்தானே!

பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் அழைத்து வரப்பட்ட பெரியவர்களின் நிலை இன்னும் பாவம். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் நாலு சுவருக்குள் அடைந்து விடுகிறார்கள்.

தனிமை உடம்பைக் கெடுக்குமா?

கெடுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று 2025-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகச் சொல்கிறது. இதய நோய், பக்கவாதம், சர்க்கரை வியாதி, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் தனிமை ஒரு காரணமாகிறதாம்.

அதெப்படி என்கிறீர்களா? நம்ம வீட்டிலேயே பாருங்கள். ஒருத்திக்காக எதற்கு அடுப்பு பற்றவைப்பது என்று பாட்டி டீயும் வறுக்கியுமாக மதியத்தை முடித்துக்கொள்வார். கழிப்பிடம் வெளியே இருந்தால், வழுக்கி விழுந்துவிடுவோமோ என்று பயந்து தண்ணீரையே குறைத்துக்கொள்வார். வயதானால் தாக உணர்ச்சியும் மங்கிவிடுகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், தலைசுற்றல் வரும். சிறுநீரில் கிருமித் தொற்றும் வரலாம். முதியவர்களுக்கு இந்தத் தொற்று சில சமயம் காய்ச்சலாக வெளிப்படாமல், திடீர்க் குழப்பமாக வெளிப்படும். “பாட்டிக்கு புத்தி தடுமாறுது” என்று நாம் விட்டுவிடுவோம்!

மாத்திரையும் அப்படித்தான். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் சில சர்க்கரை மாத்திரைகளை இரண்டு தடவை போட்டாலோ, சாப்பிடாமல் போட்டாலோ சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். அப்போது கையில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டுமே!

வாசலுக்கு வரும் சிஸ்டர்

இந்தக் குறையைப் போக்க நம் மாநிலத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம்தான் அது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் பெற்றது.

இதில் மூன்று பேரை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வரும் சுகாதாரத் தன்னார்வலர். பிரஷர், சுகர் பார்ப்பார். டாக்டர் எழுதிய மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். இரண்டாவது, நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ். படுக்கையில் இருப்பவர்களின் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவார். சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவர்களைக் கவனிப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லித் தருவார். மூன்றாவது, பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களுக்கும், மூட்டு மடங்காமல் இருப்பவர்களுக்கும் பயிற்சி தருவார்.

கேட்டு வாங்குவது எப்படி?

கிராமமாக இருந்தால் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார நர்ஸைப் பாருங்கள். திருப்பூர் நகருக்குள் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, நலவாழ்வு மையத்திலோ கேளுங்கள். பழைய மருந்துச் சீட்டு, ஆதார் அட்டை, போன் நம்பர் மூன்றையும் கொண்டுபோங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அந்த ஊர் டாக்டரின் சீட்டை மறக்க வேண்டாம். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். முடியுமானால் சிஸ்டர் வரும் அன்று ஒருவராவது அரை நாள் லீவு போடுங்கள்.

ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள், தங்களை நம்பியிருக்கும் பெற்றோர் பெயரையும் அதில் சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள். வருமான விதிக்கு உட்பட்டு அவர்களுக்கும் சிகிச்சை உண்டு. பணம் கொடுத்து ஏஜென்சி மூலம் ஆள் வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடமாட உதவிக்கு வருகிறவர் வேறு, நர்ஸ் வேறு. ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டு கட்டவும் என்றால், நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இங்கேதான் ஒரு சிக்கல். சிஸ்டர் வருவது பகலில். நீங்கள் இருப்பது இரவில். சிஸ்டர் கேட்டால் பாட்டி என்ன சொல்வார்? “ஒண்ணுமில்லீங்க அம்மிணி, நல்லாத்தான் இருக்கறன்!” வந்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நம்ம ஊர் மரியாதை. முந்தாநாள் பாத்ரூமில் விழுந்தது வெளியே வராது.

அதனால் தலைமாட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். மாத்திரை போட்டதும் ஒரு கோடு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட கோடு போடலாமே! இரவில் நீங்கள் நான்கு விஷயம் எழுதுங்கள்: சாப்பிட்டது, தூக்கம், மலஜலம், விழுந்தது அல்லது தலைசுற்றியது. சிஸ்டர் பிரஷர், சுகர் அளவை அதிலேயே குறித்துவிட்டுப் போவார். பகலும் இரவும் சந்திக்கிற இடம் அந்த நோட்டுதான். டாக்டரிடம் போகும்போதும் அதுதான் உங்களுக்குப் பதில் பேசும்.

அடுத்த வீட்டுக்காரரும் வேண்டும்

சிஸ்டர் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாட்களுக்கு? இதற்குக் கேரளம் ஒரு வழி காட்டியிருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்துக்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, படுத்திருப்பவர்களைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். குளிப்பாட்டுவது, மாத்திரை நினைவூட்டுவது, உட்கார்ந்து பேசுவது என்று நர்ஸுக்குத் துணையாக நின்றார்கள்.

நம் லைன் வீடுகளில் நைட் ஷிப்ட் போய்விட்டுப் பகலில் வீட்டில் இருப்பவர், கைக்குழந்தைக்காரி என்று யாராவது ஒருவர் இருப்பார். “பதினொரு மணிக்கு ஒரு எட்டு பாத்துக்கங்க அக்கா” என்று சொல்லி, ஒரு சாவியும் கொடுத்து வையுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

* வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல்: உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. சாயங்காலம் மகன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

* நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்: இதற்கும் 108.

* சர்க்கரை தாழ்ந்த அறிகுறி: நினைவு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவும். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108.

* திடீர்க் குழப்பம், விழுந்து எழ முடியாமை, காலில் புண், படுக்கையில் இருப்பவருக்கு முதுகில் சிவப்பு: அன்றே டாக்டர். படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்கவும்.

சந்தேகம் கேட்க 104. முதியவர்களுக்கென்றே 14567 என்ற இலவச உதவி எண்ணும் உண்டு. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, பாட்டியின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. இரவு வந்ததும் “சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?” என்ற இரண்டு கேள்வியோடு டிவி பக்கம் திரும்பிவிடாதீர்கள். “இன்னிக்கு யாரு வந்தாங்க? என்ன பேசினீங்க?” என்று கேட்டுப் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். இந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வரும்போது, மறக்காமல் அந்த நாற்பது பக்க நோட்டையும் வாங்கி வாருங்கள்!