விரிசல் விழுந்த மிதிவண்டி

நம்மில் பலருக்கு முதல் மிதிவண்டி புதிதாக வாய்ப்பதில்லை. அக்காள் ஓட்டிய வண்டி தங்கைக்கு வருகிறது. மாமா மகன் வளர்ந்துவிட்டால் அவனுடைய வண்டி நம் வீட்டுக்கு வருகிறது. அல்லது அப்பா நாலு இடத்தில் விசாரித்துக் குறைந்த விலையில் ஒன்றை வாங்கி வருகிறார். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆயினும், பிறர் ஓட்டிய வண்டியோடு அது பட்ட அடிகளும் சேர்ந்தே நம்மிடம் வருகின்றன என்பதை நாம் மறக்கலாகாது. டயர் தேய்ந்தால் மாற்றிவிடலாம். செயின் அறுந்தால் வேறு போடலாம். வண்டியின் முதுகெலும்பாகிய பிரேமில் விரிசல் கண்டால் என்ன செய்வது? தடித்த டயரும் பல கியர்களும் கொண்ட மலை மிதிவண்டியைப் பழையதாக வாங்குவோர் இதனை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

மலை மிதிவண்டி பிறந்த கதையே பழைய வண்டிகளின் கதைதான். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரீன் பகுதியைச் சேர்ந்த இளைஞர் சிலர், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட கனத்த மிதிவண்டிகளை மலிவாக வாங்கி, மலைச்சரிவின் மண்பாதைகளில் ஓட்டி இறங்கினர். 1976இல் பந்தயமும் தொடங்கினர். சாதாரணத் தெருக்களுக்கென்று செய்த அவ்வண்டிகள் அந்தக் குலுக்கலைத் தாங்கவில்லை. பிரேம்கள் வளைந்தன, உடைந்தன. அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் என்பவர், 1977இல் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களைக் கொண்டு மலைப்பாதைக்கென்றே தனியாகப் பிரேம் செய்தார். அதன்பின் பிரேம்களின் வலிமை வெகுவாகக் கூடியது. எனினும் விரிசல் மட்டும் நம்மை விட்டபாடில்லை. அதன் காரணம் யாது?

மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து ஒருமுறை வளைத்துப் பாருங்கள், உடையாது. அதே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளையுங்கள், பட்டென்று முறிந்துவிடும். ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்று நம் பாட்டிமார் சொல்வது உலோகத்துக்கும் பொருந்தும். இதனை உலோகச் சோர்வு என்பர். 1842ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சு நாட்டில், வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஆகஸ்ட் வோலர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் ரயில் அச்சுகளைப் பல்லாண்டுகள் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமையும், திரும்பத் திரும்ப ஏறினால் முறித்துவிடும் என்பதை அவர் கண்டறிந்தார்.

நம் வண்டியிலும் இதுவே நிகழ்கிறது. ஒவ்வொரு பள்ளமும், பெடலின் ஒவ்வொரு மிதியும் பிரேமைச் சிறிதளவு வளைத்து விடுகின்றன. பற்றவைத்த இடத்திலோ, துளையின் ஓரத்திலோ முடி போன்ற விரிசல் ஒன்று தொடங்குகிறது. அது நாளுக்கு நாள் நீள்கிறது. எஞ்சியுள்ள உலோகம் சுமையைத் தாங்க முடியாத நாளில் குழாய் முழுவதும் ஒரே கணத்தில் விட்டுவிடுகிறது. அது முன்பக்கக் குழாயாக இருந்தால், ஓட்டுபவள் தலைகுப்புற விழ நேரிடும். பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தால் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ? விரிசல் தானாக மூடாது. வளரவே செய்யும் என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

எங்கெங்கே பார்க்க வேண்டும்? முதலில் வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்வோம். அழுக்குக்கு அடியில் விரிசல் தெரியாது. பின்பு பகல் வெளிச்சத்தில் ஐந்து இடங்களைக் கவனிப்போம். ஒன்று, ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள குட்டைக் குழாயும் சாய்ந்த பெரிய குழாயும் சேருமிடம், அதிலும் அடிப்புறம். இரண்டு, சீட்டுக் கம்பி நுழையும் குழாயின் வாய். சீட்டுக் கம்பியில் ‘இதற்கு மேல் உயர்த்தாதே’ என ஒரு கோடு போட்டிருக்கும்; அதனை மீறி உயர்த்தினால் இவ்விடம் பிளக்கும். மூன்று, பெடல் அச்சைச் சுற்றியுள்ள பகுதி. நான்கு, பின் சக்கரத்தைப் பிடிக்கும் கவைகள். ஐந்து, பின் பிரேக் பொருத்திய இடம். முன்பக்கக் குழாயின் அடியில் பெயின்ட் சுருங்கியோ புடைத்தோ இருந்தால், அவ்வண்டி எங்கோ மோதியிருக்கிறது என்று ஐயுறலாம். ஓட்டும்போது புதிதாகக் கிறீச்சிடும் ஓசையும் ஓர் எச்சரிக்கையே.

பார்த்த கோடு வெறும் பெயின்ட் கீறலா, உண்மை விரிசலா? அந்த இடத்துப் பெயின்ட்டை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து நீக்கினால் பாதி ஐயம் தீரும். மீதிக்குப் பழைய பட்டறை முறை ஒன்றுண்டு. மண்ணெண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயைத் தடவிச் சற்று ஊறவிட்டு, மேலே சுத்தமாகத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டியைப் பொடித்துப் பூச வேண்டும். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். முன்பு ரயில்வே பட்டறைகளில் இம்முறையைக் கையாண்டனர். விரிசல்தான் என்று தெரிந்துவிட்டால், அன்றோடு அவ்வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். ‘பக்கத்துத் தெருவரைக்கும்தானே’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, பிரேம் எந்த உலோகம் என்று அறிவோம். ஒரு காந்தத்தை வைத்தால் ஒட்டுவது எஃகு, அலுமினியத்தில் ஒட்டாது. எஃகானால் நம்பிக்கை உண்டு. நல்ல கைத்திறன் உள்ளவர் விரிசலின் முனைகளில் சிறு துளையிட்டு, அது மேலும் ஓடாமல் தடுத்து, பித்தளைப் பற்று வைத்தோ வெல்டிங் செய்தோ, மேலே துணைத்தகடு சேர்த்துத் தருவார். குழாயின் தகடு சில இடங்களில் 1 மில்லிமீட்டரைவிடவும் மெல்லியது. ஆகவே ஜன்னல் கம்பி பற்றவைக்கும் பழக்கம் மட்டும் போதாது. வேலை முடிந்ததும் பின் கவையிலிருந்து ஒரு நூலை முன்குழாயைச் சுற்றி மறு கவைக்கு இழுத்துக் கட்டுங்கள். நடுவிலுள்ள சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இடையே இருபுறமும் ஒரே தூரம் இருந்தால் பிரேம் நேராக உள்ளது.

அலுமினியத்தின் இயல்பு வேறு. எஃகில் சுமை ஓர் அளவுக்குக் கீழிருந்தால் சோர்வு ஏறுவதில்லை. அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. சிறு குலுக்கல்களும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். மேலும், பிரேம்களில் பரவலாகப் பயன்படும் 6061 என்ற அலுமினியக் கலவை, சூட்டுப் பதப்படுத்தலால் வலிமை பெறுவது. வெல்டிங் செய்த சூட்டில் அந்தப் பதம் போய், பக்கத்து உலோகம் மென்மையாகிவிடும். பதத்தை மீட்க, பிரேம் முழுவதையும் ஏறத்தாழ 530 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, சட்டெனக் குளிர்வித்து, மீண்டும் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைக்க வேண்டும். தெருமுனைப் பட்டறையில் இது நடவாது. ஆதலால் அலுமினியப் பிரேமில் விரிசல் விழுந்தால், அதனைக் கழித்துவிட்டுச் சக்கரம், கியர், பிரேக், சீட்டு ஆகியவற்றை அதே அளவுள்ள நல்ல பிரேமுக்கு மாற்றிக்கொள்வதே அறிவுடைமை.

புதிதாக வாங்குபவருக்குக் கொடுத்த உத்தரவாதம் கைமாறிய வண்டிக்குப் பெரும்பாலும் செல்லாது. ஆகவே, பெற்றோரே, பணம் கொடுக்கும் முன்னரே மேற்சொன்ன இடங்களைப் பார்த்துவிடுவது நலம். ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, காரணம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

இறுதியாக ஒரு வார்த்தை. விரிசலை மெழுகி, மேலே வண்ணம் பூசி, ‘நல்ல வண்டி’ என்று விற்பவர் உண்டு. அதை வாங்குபவரும் ஒரு தந்தையே. ஓட்டப்போவதும் நம்மைப் போன்ற ஒரு சிறுமியே. நம் வீட்டுப் பிரேம் பழுதானால் அதை விற்க மனம் கொள்ளாமல், காயலான் கடைக்குப் போடும் முன் ஆக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துப் போடுவோம். அரை மணி நேர வேலைதான். அந்தப் பிரேமின் மேல் இனி எந்தக் குழந்தையும் ஏறமாட்டாள்.