பல்நீர்க்கட்டிச் சூலக நோய்க்குறியும் மகப்பேறின்மையும்: இயக்குநீர், மரபணுக் காரணிகள்

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டி போன்ற ஊர்களில் மணமாகி ஓராண்டு கடந்ததும் 'விசேஷம் உண்டா?' என்னும் கேள்வி பெண்ணை நோக்கியே எழுகிறது. ஸ்கேன் அறிக்கையில் 'நீர்க்கட்டி' என்ற சொல் இடம்பெற்றுவிட்டால் பழியும் அவள்மேல் உறுதியாகிவிடுகிறது. அச்சொல்லே பொருத்தமற்றது. பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்நிலையில் சூலகத்தில் காணப்படுபவை கட்டிகள் அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன, சில மில்லிமீட்டர் அளவே உள்ள சூல்நுண்ணறைகள்.

அவை நின்றுபோவதன் காரணம் இயக்குநீர்ச் சமநிலைக் குலைவாகும். மூளையின் ஹைப்போதலாமசிலிருந்து வரும் தூண்டல் துடிப்புகள் விரைவுபடுவதால் பிட்யூட்டரிச் சுரப்பி எல்.எச். இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. நுண்ணறையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஒப்பளவில் குறைகிறது. எல்.எச். தூண்டலால் சூலகத்தின் தீக்கா செல்கள் ஆண்ட்ரோஜனைப் பெருக்குகின்றன. இன்சுலின் இதனை மேலும் வலுப்படுத்துகிறது. தசை இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது கணையம் அதனைக் கூடுதலாகச் சுரக்கிறது. சூலகமோ அதற்கு இணங்கியே நிற்கிறது. மிகை இன்சுலின், பாலின இயக்குநீரைப் பிணைக்கும் புரதத்தைக் கல்லீரல் உருவாக்குவதையும் குறைப்பதால், கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் குருதியில் உயர்கிறது. மெலிந்த பெண்களிடமும் இது நிகழலாம் என்பதால் உடல் எடையை மட்டும் குறைகூறுவது முறையன்று.

மரபுக்கூறும் வலியது. 2006இல் வெளியான டச்சு இரட்டையர் ஆய்வு மரபின் பங்கை ஏறத்தாழ 70 விழுக்காடு என மதிப்பிட்டது. 2011இல் சீனப் பெண்களின் முழுமரபணு ஆய்வு எல்.எச்.சி.ஜி.ஆர்., தாடா, டென்னட்1ஏ ஆகிய மரபணுக்களை அண்டிய பகுதிகளைச் சுட்டியது. எனினும் இது ஒற்றை மரபணு நோயன்று. முறைமாப்பிள்ளைத் திருமணத்தை மட்டும் காரணமாக்குவதற்கு இடமில்லை; தாய், உடன்பிறந்தாள் ஆகியோரின் மாதவிடாய் வரலாற்றைக் கேட்பதே பயன்தரும்.

இந்தியாவில் 18 முதல் 40 வயதுப் பெண்களிடையே நடத்தப்பெற்று 2024இல் வெளியான ஆய்வு, 1990ஆம் ஆண்டின் அளவுகோலின்படி 7.2 விழுக்காட்டினரிடமும், 2003ஆம் ஆண்டின் ராட்டர்டாம் அளவுகோலின்படி 19.6 விழுக்காட்டினரிடமும் இதனைக் கண்டது. ஓர் அளவுகோலில் நோயுற்றவராகும் பெண் மற்றொன்றில் அவ்வாறு ஆவதில்லை.

சூல் வெளிப்படாமையே இங்கு மகப்பேறின்மைக்கு முதன்மைக் காரணம். அது மருந்தால் பெரும்பாலும் மாற்றத்தக்கது. லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜனைத் தற்காலிகமாகக் குறைத்து எஃப்.எஸ்.எச். உயர வழிசெய்கிறது. இப்பயன்பாட்டை இந்திய அரசு 2011இல் தடைசெய்தது. 750 பெண்களிடம் நடத்திய அமெரிக்க ஆய்வில் லெட்ரோசோலால் 27.5 விழுக்காட்டினரும் குளோமிஃபீனால் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர் என 2014இல் தெரியவந்தது; தடை 2017இல்தான் விலகியது. மருந்து தொடங்கும் முன் கணவரின் விந்துப் பரிசோதனையும் செய்யப்பெற வேண்டும். மிக எளிய அச்சோதனை, ஊரின் கேள்வி கணவரை எட்டாத காரணத்தால் பலமுறை தள்ளிப்போகிறது.