கணக்கில் எழுதாத கடன்



சரக்கின் கொள்முதல், வண்டிக்கூலி, கடை வாடகை எல்லாவற்றையும் கூட்டித்தான் நாம் விலை வைக்கிறோம். ஒரு செலவைக் கணக்கில் எழுதாமல் விட்டால் அது ஒழிந்துவிடுமா? வேறு யாரோ ஒருவர் தலையில் போய் விழும். வேலூர் வழக்கு சொல்லும் பாடம் இதுதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத் தோல் நல்ல அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தது. பல ஆயிரம் குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. ஆனால் ஒரு கிலோ தோல் தயாராக ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவானது. அந்தக் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் வயலிலும் ஓடையிலும் பாலாற்றிலும் விடப்பட்டது. குடிநீர்க் கிணறுகள் கெட்டன. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கூறியது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தொழில் வேண்டாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கெடுத்தவரே ஈடு தர வேண்டும், கெட்ட மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் அவருடையதே என்றது. ஆலைக்கு ரூ.10,000 அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு நிலையம் அமைக்கக் கெடு வைத்தது. இழப்பீட்டைக் கணக்கிட்டு வசூலிக்கத் தனி ஆணையம் அமைக்கச் சொன்னது.

வழக்கு அத்தோடு முடியவில்லை. இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு அரசு வழங்கி, அதை ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. அன்றே கழிவைச் சுத்திகரித்திருந்தால் ஆகியிருக்கும் செலவு, முப்பது ஆண்டுக் கடனாக நீண்டது.

கல்லாவில் அமர்ந்திருக்கும் நமக்கு இதில் என்ன? கிணறு கெட்ட விவசாயி அறுவடைக்குப் பின் எந்தப் பணத்தில் நம் பற்றை அடைப்பார்? குடத்துத் தண்ணீருக்கே காசு கொடுக்கும் வீடு, மளிகைச் சீட்டில் எதைக் குறைக்கும்? ஊரின் தண்ணீர் கெட்டால் நம் வியாபாரமும் வற்றும்.

எனவே நம் ஊரில் குடிநீர் நிறம் மாறினால், "நமக்கேன் வம்பு" என்று இருந்துவிட வேண்டாம். சங்கத்தின் பெயரால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுவோம். பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குவோம். வேலூர் வழக்கும் ஊர்க்காரர்கள் கொடுத்த ஒரு மனுவில்தான் தொடங்கியது.