முதிய செல்லப்பிராணியின் கருணைக்கொலையும் குடும்பத்தின் முன்னேற்பாடும்

தீராத நோயாலோ முதுமைத் தளர்ச்சியாலோ வேதனைப்படும் விலங்கை, இனி மீட்க வழியில்லை என்று உறுதியான பின், வலி தெரியாதபடி மருந்து செலுத்தி இறக்கச் செய்வதே கால்நடை மருத்துவத்தில் கருணைக்கொலை எனப்படுகிறது. மருத்துவரின் தீர்ப்பும் வளர்ப்பவரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் இதற்கு அடிப்படை. ஆயினும் திருத்தணி போன்ற மலைக்கோயில் ஊரில், கிருத்திகைதோறும் விரதமிருக்கும் வீட்டில், பைரவரின் வாகனமான நாய்க்கு இத்தகைய ஊசி போடச் சம்மதிப்பது பாவமாகாதா என்ற கேள்வியே முதலில் எழுகிறது.

கேள்வி புதிதன்று. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியின்றித் துடித்த கன்றை ஊசி மூலம் இறக்கச் செய்த காந்தியடிகள், அச்செயல் அகிம்சைக்கு முரணன்று என்று வாதிட்டு, கடுமையான கண்டனக் கடிதங்களைப் பெற்றார். 2018 ஏப்ரலில், சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேஸ்வரி எழ முடியாமல் படுத்துக் கிடந்தபோது, கால்நடை மருத்துவர் ஆய்ந்து சான்றளித்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அது நிறைவேறும் முன்பே ஏப்ரல் 21 அன்று யானை தானாக இறந்தது. பெரியவர்கள் முடிவெடுக்க எடுத்துக்கொண்ட நாள்களின் வலி முழுவதையும் அந்த யானையே சுமந்தது.

வீட்டிலும் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் கருத்து வேறுபாடே. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் இங்கு உதவும்: வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுந்திருத்தல் ஆகிய ஏழுக்கும் தலா 10 வரை மதிப்பெண் அளித்து, கூட்டுத்தொகை 35-க்கு மேலிருந்தால் வாழ்க்கைத்தரம் ஏற்கத்தக்கது என்று கொள்வர். மூன்று வேளையும் தயிர்சோறு பிசைந்து வைக்கும் பாட்டி இடும் மதிப்பெண்ணும், இரவில் மட்டும் நாயைப் பார்க்கும் மகன் இடுவதும் ஒன்றாக இரா என்பதால், இருவருமே காலண்டர் தாளின் ஓரத்தில் தினமும் குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்வாதத்தைக் குறைக்கும். குழந்தைகளிடம் "ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டோம்" என்று சொல்லிவைப்பது, எளிதாகத் தோன்றினாலும், தவறு. நாய் திரும்பிவரும் என்று காத்திருக்கும் பிள்ளை பின்னர் உண்மையை அறியும்போது, இழப்போடு ஏமாற்றப்பட்ட வருத்தமும் சேர்ந்துகொள்கிறது.

உடனிருக்க விரும்புவோர் நடைமுறையை முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும். முதலில் மயக்க ஊசி போட்டு, முன்னங்கால் சிரையில் வென்ஃப்ளான் என்னும் ஊசிக்குழாயைப் பொருத்தி, பென்டோபார்பிட்டால் அல்லது தயோபென்டால் என்னும் மயக்க மருந்தை வழக்கமான அளவைவிடப் பன்மடங்கு செலுத்துவர்; முதலில் நினைவும், பிறகு மூச்சும், சில நிமிடங்களில் இதயத் துடிப்பும் அடங்கும். கண்கள் திறந்தே இருக்கும், சிறுநீர் கழியலாம், இறந்த பின்னும் தசை துடிக்கலாம், ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோலத் தோன்றலாம். இவை வலியின் அடையாளங்கள் அல்ல என்பதை மருத்துவர் முன்பே சொல்லிவிட்டால், பல ஆண்டுகள் உறுத்தும் ஐயம் ஒன்று தவிர்க்கப்படும்.

நாள் குறிப்பதிலும் கவனம் தேவை. ஆடிக் கிருத்திகையை ஒட்டிக் காவடிக் கூட்டத்தால் திருத்தணிச் சாலைகள் நெரியுமாதலால், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ திருப்பதிக்கோ கடைசி நேரத்தில் ஓடலாம் என்று இருந்துவிடாமல், உள்ளூர் மருத்துவர் வீட்டுக்கே வருவாரா, கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேட்டறிய வேண்டும். வெள்ளி, கிருத்திகை வேண்டாம் என்று மூத்தோர் சொன்னால், வலிநிவாரணி கொடுத்து ஒருநாள் தள்ளுவதில் பெரிய இழப்பில்லை. நாய் கடந்த பத்து நாள்களுக்குள் யாரையேனும் கடித்திருந்தால் மட்டும் அதை மறைக்கலாகாது. வெறிநோய் ஐயம் தீரக் கண்காணிக்க வேண்டிய காலம் அது.

செலுத்திய மருந்து உடலில் தங்கியிருப்பதால், அவ்வுடலைத் தின்னும் காக்கையும் தெருநாயும் நஞ்சேறி இறக்கக்கூடும். எனவே உடலை ஏரிக்கரையிலோ குப்பைமேட்டிலோ போடாமல், கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் எட்ட, நாலடிக்குக் குறையாத குழியில் புதைக்க வேண்டும். அந்த இடத்தை ஊசி போடும் நாளுக்கு முன்பே பார்த்துவைப்பது நல்லது.