போகும்போது பூ, வரும்போது வளையல்

டீ ஆறட்டும். அதற்குள் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வந்திருப்பவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கூட்டம் கண்டபடி அலைவதுபோல் தெரியும். ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கே இறங்கினோம், திரும்ப எங்கே போய் ஏறணும்? கடையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நெதர்லாந்தின் ஐந்தோவனில் போர்கர்ஸ், டிம்மர்மன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதற்கென்றே ஒரு கணித மாதிரி செய்தார்கள். மக்கள் எந்த வாசலில் நுழைகிறார்கள், எந்தக் கடையைக் குறிவைக்கிறார்கள், எந்தத் தெருவைப் பிடிக்கிறார்கள், நினைக்காமலே எங்கே நின்றுவிடுகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். எண்ணூரிலிருந்து வரும் என் பெரியம்மாவிடம் சொன்னால், "இதுக்குப் படிக்கணுமா?" என்பார்.

அவர் முதல் நடையில் எதையும் வாங்கமாட்டார். தெரு முனைவரை விலை கேட்டுக்கொண்டே போவார். திரும்பும்போதுதான் முந்தானை முடிச்சு அவிழும். கடைக்காரரிடம் "பாத்துட்டு வரேன்" என்று சொல்வது பாதி நிஜம். கனமான சாமான் எப்போதும் கடைசி. எவர்சில்வர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு யார் சேலை பிரித்துப் பார்ப்பார்கள்? வெயில் ஏறிவிட்டால் நிழல் விழும் பக்கத்துக்கே வியாபாரம். கையில் குழந்தை, நடுவில் ஆட்டோ என்றால் எதிர்ச்சாரிக் கடை வேறு ஊர் மாதிரி.

2019 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டைக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை நீண்டது. தெரு அதேதான், கடைகளும் அவைதான். ஆனால் டி.எச். ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவருக்கு முதலில் வரும் கடை, மெட்ரோ படியேறி வருகிறவருக்கு நடுக்கடையாகவோ கடைசிக் கடையாகவோ இருக்கலாம். வாடகை பேசுகிறவர்கள் இதை யோசிக்காமலா இருப்பார்கள்?

இன்னும் தெளிவாகப் பார்க்க, பௌர்ணமியன்று திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகணும். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூவரையும் தரிசிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நேரம் இறுக்கம், நடை வேகம். தேரடியிலிருந்து சந்நிதித் தெருவில் கோயிலை நோக்கிப் போகும்போது கண்ணில் படுவது பூவும் எலுமிச்சையும் விளக்கும்தான். வளையலோ பொம்மையோ கண்ணில் பட்டாலும் கால் நிற்காது. தரிசனம் முடிந்து திரும்பும்போது அதே தெரு வேறு கடைத்தெரு: வளையல், பாத்திரம், குழந்தைக்கு ஊதல். பூக்காரம்மாவை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதனால் அங்கே கடை போடுகிறவர், எந்த இடம் என்பதோடு எந்தத் திசைக்கூட்டம் என்றும் பார்க்கணும்.

நடைபாதையில் கூடை வைத்திருப்பவர்களை ஓரமாக வேறு தெருவுக்கு மாற்றச் சொல்லும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடும் முன், ஒரு பௌர்ணமியன்று தேரடியில் நின்று போகிற கால்களையும் வருகிற கால்களையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள்.