பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள்!

பொன்னம்மாள் என்று பெயர் இருக்கும். காதில் குந்துமணித் தங்கம் இருக்காது. அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நம் தொடைக்குள் ஓடும் ஒரு ரத்தக் குழாயின் பெயர்ப் பொருத்தம் சிரிப்பதற்குரிய விஷயம் அல்ல.

காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடி இருதயத்துக்கு ஏறவேண்டும். கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே வருமா? நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது கீழே திரும்பாதபடி குழாய்க்குள் சின்னஞ்சிறு கதவுகள் காவல் இருக்கின்றன. இப்படி ரத்தத்தைத் திருப்பிக் கொண்டு போகும் குழாய்க்குச் சிரை என்று பெயர். முழங்காலின் பின்புறத்திலிருந்து தொடையின் ஆழத்தில், சதைகளுக்கு நடுவே ஏறிச் செல்லும் பெரிய சிரைதான் நம் கதாநாயகி.

இருப்பதோ ஆழத்தில், டாக்டர்கள் வைத்த பெயரோ 'சூப்பர்ஃபிஷியல் ஃபிமொரல் வெயின்' - அதாவது, மேலாக ஓடும் தொடைச் சிரை! தோலுக்கு அடியில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்தால் பெரும்பாலும் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆழத்துச் சிரையில் உறைந்தாலோ, அந்தக் கட்டி பிய்ந்து, இருதயம் வழியே போய் நுரையீரலை அடைத்து, உயிருக்கே உலை வைக்கலாம். பெயரைப் பார்த்து, "மேலே உள்ளதுதானே" என்று டாக்டர்களே தக்க மருந்து கொடுக்காமல் விட்டுவிடலாம் என்று 1995-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை எச்சரித்தது. 2002-ல் வெளியான சர்வதேச நிபுணர்களின் முடிவு, 'ஃபிமொரல் வெயின்' என்ற பெயரே போதும் என்றது. ஆனாலும் பழைய பெயர் சில ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் இன்னும் தலை காட்டுகிறது.

சகோதரிகளே, பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களிலும், ஆபரேஷன் ஆன பிறகும், நெடுந்தூரப் பிரயாணத்துக்குப் பிறகும் இந்த உறைவு ஏற்பட வாய்ப்பு அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், "வாயுப் பிடிப்பு" என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள், கட்டி நகர்ந்துவிடக்கூடும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பிள்ளை பெற்றவளைக் கட்டிலை விட்டு இறங்கவிடாத பாட்டிமார்களுக்கும் ஒரு வார்த்தை: டாக்டர் சம்மதித்ததும் அவளை மெல்ல நடக்க விடுங்கள்.

ரிப்போர்ட்டில் அந்தப் பழைய பெயர் இருந்தால் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். "இது ஆழத்துச் சிரைதானே, டாக்டர்?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பதில் குற்றமே இல்லை.