பயந்தால் சுருங்கும் ரத்தக்குழாய்

மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கிற இடத்தில் ஓடுவது ரேடியல் தமனி. அதன் உள் அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஆஞ்சியோகிராமும் ஆஞ்சியோபிளாஸ்டியும் இன்று பெரும்பாலும் இந்தச் சின்னக் குழாய் வழியாகவே நடக்கின்றன. அதன் சுவரில் தசை அதிகம். நோயாளி பயந்தால் அட்ரினலின் சுரக்கும், தசை இறுகும், குழாய் சுருங்கும். உள்ளே போன கதீட்டர் (மெல்லிய குழாய்) நகர மறுக்கும். கை கடுக்கும், கடுக்கக் கடுக்கப் பயம் கூடும். இதற்கிடையே நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி, ஏற்கெனவே ஆக்சிஜனுக்குத் தவிக்கிற இதயத்தின் வேலை இன்னும் அதிகமாகும். அச்சத்தைத் தணிப்பதும் சிகிச்சையிலேயே சேர்த்தி.

இத்தனைக்கும் நோயாளி விழித்திருக்கிறார். சூரிச் நகரில் 1977 செப்டம்பர் 16 அன்று ஆந்திரேயாஸ் குருன்ட்சிக் உலகின் முதல் இதய ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தபோதும் அந்த 38 வயது நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். இன்றும் அப்படித்தான். குளிர்ந்த அறை, தலைக்கு மேலே நகரும் எக்ஸ்ரே கருவி, ஈயக் கவசம் அணிந்த மனிதர்கள், புரியாத பேச்சு. படுத்திருப்பவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அப்படிப் படுத்திருப்பவர் ஒரு நெசவாளி என்று வைத்துக்கொள்வோம். ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த கண்ணமங்கலத்திலிருந்து வேலூர் சுமார் 25 கி.மீ. அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவைச் சிகிச்சை 1961இல் நடந்தது. அதற்கும் 15 ஆண்டுகள் முன்பே, 1946இல், அங்கே செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. பெரிய இதய சிகிச்சை இவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், தறியை விட்டு எழுந்து வருகிறவரின் பயம் அதனால் மட்டும் குறைந்துவிடாது. ஒரு கையால் கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டி, மறு கையால் பலகையை அடித்து ஊடையை நெருக்குகிற தொழில். ‘எந்தக் கையில் குத்துவார்கள்? எப்போது தறியில் உட்காரலாம்? பாதியில் நிற்கிற பாவு என்ன ஆகும்?’ இந்தக் கேள்விகளை அவர் பெரிய டாக்டரிடம் கேட்க மாட்டார். கேட்டால் சிஸ்டரிடம்தான் கேட்பார்.

என்ன பதில் சொல்வது என்பதை ஆராய்ச்சிகள் ஓரளவு காட்டியிருக்கின்றன. அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் ஜீன் ஜான்சன் 1970களில் ஒன்றைக் கண்டார்: என்ன செய்யப்போகிறோம் என்பதோடு, உடம்புக்கு என்ன தெரியும் என்பதையும் முன்கூட்டிச் சொன்னால் நோயாளியின் தவிப்பு குறைகிறது. ஆஞ்சியோ அறையில் இது நேரடியாகப் பொருந்தும். கான்ட்ராஸ்ட் மருந்தை இதய அறைக்குள் வேகமாகச் செலுத்தும்போது உடம்பெங்கும் திடீரெனச் சூடு பரவும். விவரம் தெரியாதவர், உயிரே போகிறது என்று நினைத்துவிடுவார். தெரிந்த செவிலியர் காதருகே குனிந்து சொல்வார்: “ஐயா, இப்ப மருந்து விடுவாங்க. நெஞ்சுலேர்ந்து கீழ வரைக்கும் சூடா பரவும். ஒன்னுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும், ஆனா போயிருக்க மாட்டீங்க. கொஞ்ச நேரத்துல அடங்கிடும்.” பலூன் விரியும்போது நெஞ்சு இறுகும் என்பதையும், வலித்தால் அடக்கிக்கொள்ளாமல் சொல்லிவிட வேண்டும் என்பதையும் இதேபோல் முன்பே சொல்லிவைக்கலாம்.

பைபாஸ் என்றால் சொல்ல வேண்டியது இன்னும் அதிகம். கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும், பேச முடியாது. முந்தைய நாளே கையசைவில் ஒரு அடையாளம் பேசி வைத்துக்கொண்டால் அந்த முதல் மணி நேரங்களின் திகில் ஓரளவு குறையும். ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் 124 பேரிடம் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, பைபாஸுக்கு முன்பே நோயாளியோடு பேசி, குணமான பிறகு என்னவெல்லாம் செய்வார் என்று திட்டமிட வைத்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, ஆறு மாதம் கழித்து அவர்களுக்கு அன்றாட வேலைகளில் முடக்கம் குறைவாக இருந்தது. நெசவாளியின் தறிக் கேள்வி இங்கேதான் வருகிறது. நெஞ்செலும்பு ஒன்றுகூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று முன்கூட்டித் தெரிந்தால், பாவு கொடுத்தவரிடம் குடும்பம் பேசி வைக்கலாம்.

ஆனால், அன்பாகப் பேசினாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. கனடாவில் மாரடைப்பு வந்த 1,376 பேரிடம் நடந்த ஆய்வு 1997இல் வெளியானது. மாதந்தோறும் தொலைபேசியில் விசாரித்து, மனச்சோர்வோ பதற்றமோ கூடியவர்களின் வீட்டுக்கே செவிலியர்கள் போனார்கள். இறப்பு குறையவில்லை. பெண்களில், இந்தக் கவனிப்பைப் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாகவே காணப்பட்டது. மனம் வேதனைப்படத்தான் செய்கிறது, ஆனால் யார், எந்தப் பயிற்சியோடு, என்ன செய்கிறார் என்பதில்தான் பலன் இருக்கிறது.

மாரடைப்புக்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. மாத்திரையை நிறுத்துவதும் வீட்டுக்குள் முடங்குவதும் அதோடு சேர்ந்து வரும். அமெரிக்க இதயச் சங்கம் 2008இல் இரண்டே கேள்விகளோடு தொடங்கச் சொன்னது: கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டம் இல்லாமல் போனதா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வாசலுக்கே ஆள் வருகிறார். ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவரிடம் இந்த இரண்டையும் அவரே கேட்கலாம். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்பி வைக்கவும் வழி இருக்க வேண்டும்.